மதர் தொடரின் பேஸ்பால் மட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோவின் ‘மதர்’ வீடியோ கேம் தொடரை விளையாடிப் பாருங்கள் என்று யாரிடமாவது சொன்னால், சில நாளில் கேள்விகளோடு திரும்பி வருவார்கள். கதையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேள்விகளில் பாதிக்கு மேல் அதன் நாயகனான சிறுவன் கையில் இருக்கும் பேஸ்பால் மட்டையைச் சுற்றியே வரும். அந்த மட்டையில்தான் இந்தத் தொடரின் உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன்.

மதர், எர்த்பவுண்ட் என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒரே தொடர்தான். முதல் ‘மதர்’ 1989-இல் ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தது. ‘மதர் 2’ 1994-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் வெளியானது. ‘மதர் 3’ 2006-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு, ஜப்பானில் மட்டும் வந்தது. மூன்றையும் உருவாக்கியவர் ஷிகெசாட்டோ இட்டோய். விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்றவர் அவர்.

முதல் விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பு 1990-லேயே தயாராகிவிட்டது. ஆனாலும் கிடப்பில் கிடந்து, 2015-இல்தான் ‘எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்’ என்று முறைப்படி வெளிவந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து அதுவும் எர்த்பவுண்டும் நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில் இருக்கின்றன.

ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) என்றால் வாளும் கேடயமும்தானே? இந்தப் பையனிடம் ஏன் பேஸ்பால் மட்டை?

இட்டோய்க்கு ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஜப்பானிய ஆர்பிஜி மிகவும் பிடிக்கும். அதைப் போன்ற ஒரு பயணக் கதையை அரண்மனையும் அரக்கனும் இல்லாத, நாம் வாழும் காலத்து ஊரில் நடத்திப் பார்க்க விரும்பினார். அப்படிப்பட்ட ஊரில் பொற்காசு கிடையாது. அப்பா வங்கிக் கணக்கில் பணம் போடுவார், மகன் ஏடிஎம்மில் எடுத்துக்கொள்வான். மூலிகைக்குப் பதில் ஹாம்பர்கர். விடுதிக்குப் பதில் ஹோட்டல். அந்த வரிசையில் வாளின் இடத்துக்கு என்ன வரும்? பதின்ம வயதுப் பையன் அறைக்குள் ஏற்கெனவே கிடக்கும் பொருள்தான் வர முடியும்.

வாள் ஏந்தியவன் முதல் காட்சியிலேயே வீரனாகிவிடுகிறான். மட்டை ஏந்தியவன் இன்னும் பையன்தான். விளையாடப் போகிற தோரணையில் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறான். மட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கத்தியை வைத்துப் பாருங்கள், கதையே வேறாகிவிடும்.

செய்தவர்கள் ஜப்பானியர்கள். பிறகு ஏன் அமெரிக்க விளையாட்டு?

எர்த்பவுண்ட் கதை தொடங்குவது ‘ஈகிள்லேண்ட்’ என்ற நாட்டில். அது ஜப்பானியர் கண்ணில் பட்ட அமெரிக்கா. ஆனால் பேஸ்பால் ஜப்பானுக்கு அந்நியமானது என்று நினைத்துவிடாதீர்கள். 1872-இல் ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. ‘கோஷியென்’ என்று எல்லோரும் அழைக்கும் பள்ளி மாணவர் போட்டியின் வரலாறு 1915-இல் தொடங்குகிறது. 1936-இல் தொழில்முறை லீக் வந்துவிட்டது. 868 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்த சடஹாரு ஓ அந்த நாட்டு நாயகர்.

ஆக, அமெரிக்கச் சிறுவனுக்கும் ஜப்பானியச் சிறுவனுக்கும் பொதுவான பொருளைத் தேடினால் மட்டையைவிடப் பொருத்தமானது கிடைக்காது. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்த்த கணத்திலேயே தன்னுடையது என்று நினைப்பார்கள்.

எர்த்பவுண்டில் முதல் மட்டை எங்கே கிடைக்கும்? வெறுங்கையோடு வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தங்கை டிரேசியிடம் பேசுங்கள். விண்கல் விழுந்த இரவில் நாயகன் நெஸ் எழுந்ததும் அவள்தான் விரிசல் விட்ட மட்டையைக் கொடுப்பாள். அதன் தாக்குதல் மதிப்பு வெறும் 4. தெருநாயையும் காக்கையையும் சமாளிக்க அது போதும்.

மதிப்பு குறைவு என்று அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். இந்தப் பயணத்தின் முதல் ஆயுதம் அரசர் தந்ததும் இல்லை, குகையில் கண்டெடுத்ததும் இல்லை. தங்கை எடுத்துக் கொடுத்தது.

கடைக்குக் கடை வேறு வேறு பெயரில் மட்டை விற்கிறார்கள். எண் கூடுவதைத் தவிர என்ன வித்தியாசம்?

பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். விரிசல் மட்டைக்கு அடுத்தது டீ பால் மட்டை. டீ பால் என்பது சின்னக் குழந்தைகளின் ஆட்டம்: பந்தை யாரும் வீசமாட்டார்கள், ஒரு தண்டின் மேல் வைத்திருப்பார்கள், குழந்தை அடிக்க வேண்டும். அடுத்தது சாண்ட் லாட் மட்டை. ஊர்ப் பிள்ளைகள் காலிமனையில் சேர்ந்து ஆடுவதன் பெயர் அது. அதற்குப் பிறகு மைனர் லீக், பிக் லீக், ஹால் ஆஃப் ஃபேம். கடைசியாகச் சொன்னது நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் நாயகர்களின் நினைவகத்தைக் குறிப்பது.

ஒரு பிள்ளை பந்தை அடிக்கப் பழகுவதிலிருந்து நினைவகத்தில் பெயர் பொறிக்கப்படுவது வரை, ஒரு வாழ்நாள் முழுவதையும் ஆயுதக் கடையின் விலைப்பட்டியலாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நெஸ் வளர்கிறான் என்று வசனத்தில் எங்கும் அழுத்திச் சொல்லத் தேவையில்லாமல் போய்விடுகிறது. எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

பழைய மட்டையை வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?

ஒருவர் 14 பொருள்களைத்தான் சுமக்க முடியும். கையில் ஏந்திய ஆயுதமும் அந்தக் கணக்கில் சேரும். எனவே புதியது வாங்கியதும் பழையதை அதே கடையில் விற்றுவிடுங்கள். விற்க மனம் வராவிட்டால் எஸ்கார்கோ எக்ஸ்பிரஸ் என்ற சேமிப்புச் சேவைக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்பி வைக்கலாம். நான் விரிசல் மட்டையை விற்பதில்லை.

நெஸ்ஸோடு வரும் பவுலாவுக்கும் ஜெஃப்புக்கும் மட்டை கொடுக்க முடியாதா?

மட்டை நெஸ்ஸின் ஆயுதம். பவுலாவுக்கு வாணலி, ஜெஃப்புக்குத் துப்பாக்கி வகைகள். டலாம் நாட்டு இளவரசன் ‘பூ’ என்ற தோழனுக்கு வெறுங்கைதான் பலம். அவனுக்கென்று உள்ள ஒரே ஆயுதம் கிங்ஸ் வாள். யோ-யோவும் கவணும் நெஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை இல்லை, மற்றவர்களும் எடுக்கலாம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. பையன் மட்டையால் ஆட்களை அடிப்பதைப் பார்க்க விடலாமா?

நியாயமான கவலை. எர்த்பவுண்டில் இரத்தம் கிடையாது. சண்டை நேரத்தில் எதிரியின் படம் மட்டும் திரையில் நிற்கும், அடி விழுவதை எழுத்தில்தான் படிப்போம். தோற்ற நாய் சாதுவாகிவிட்டது என்று வரும். வெறி பிடித்து வழிமறித்த மனிதர் இயல்புக்குத் திரும்பினார் என்று வரும். கீகஸ் என்ற தீய சக்தி அவர்களை ஆட்டிப்படைக்கிறது, நெஸ்ஸின் அடி அதிலிருந்து விடுவிக்கிறது என்பதே கதையின் ஏற்பாடு.

கடைசிப் போர் மட்டும் சிறு பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடியது. மட்டை காரணமில்லை, திரையில் வரும் உருவமும் ஒலியும் காரணம். அந்தக் கட்டத்தில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

சில சமயம் ‘ஸ்மாஷ்’ என்று பெரிய எழுத்து வந்து எதிரி ஒரே அடியில் விழுகிறான். அது எப்போது வரும்?

‘கட்ஸ்’ என்று ஓர் எண் இருக்கிறது. துணிச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். அதை 500-ஆல் வகுத்தால் வருவதே ஸ்மாஷ் விழும் வாய்ப்பு. எவ்வளவு குறைவாக இருந்தாலும் இருபதில் ஒரு பங்குக்குக் கீழே போகாது. கட்ஸ் 40 என்றால் நூற்றுக்கு 8 முறை. ஜெஃப்பின் துப்பாக்கிக்கு ஸ்மாஷ் கிடையாது. எவ்வளவு சுட்டாலும் சாதாரண அடிதான்.

இதே எண் உயிரையும் காப்பாற்றும். சாகடிக்கும் அளவு அடி விழும்போது, கட்ஸ் கை கொடுத்தால் ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு எழுந்து நிற்பீர்கள்.

கேசி மட்டையின் தாக்குதல் 125. எல்லாவற்றையும்விட அதிகம். ஆனால் அடி படவே மாட்டேன் என்கிறதே, ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நான்கு முறை வீசினால் சராசரியாக மூன்று முறை தவறும்.

காரணம் அதன் பெயரில் இருக்கிறது. 1888-இல் எர்னஸ்ட் தேயர் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் ‘கேசி அட் தி பேட்’ என்ற கதைப்பாடலை எழுதினார். மட்வில் ஊர் அணி தோற்கும் நிலையில் இருக்கிறது. ஊரே நம்பும் கேசி களத்துக்கு வருகிறான். முதல் இரண்டு பந்துகளைத் தனக்கு ஏற்றவை இல்லை என்று கர்வத்தோடு விட்டுவிடுகிறான். மூன்றாவதை முழு பலத்தோடு வீசுகிறான், பந்து படவில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிந்த தோல்வி அது. ஒரு கதைப்பாடலின் முடிவைப் பாத்திரத்தின் வாயால் விளக்காமல், ஓர் ஆயுதத்தின் கணக்காகவே மாற்றியிருக்கிறார்கள். பெரிய போர்களில் அதை நம்பாதீர்கள். ஆனால் ஒரு முறையாவது ஏந்திப் பாருங்கள். வீசித் தவறுகிற ஒவ்வொரு முறையும் கேசி நினைவுக்கு வருவான்.

கட்ஸி மட்டைக்காக நாள் கணக்கில் சண்டை போடுகிறேன். 128 முறை அடித்தால் கட்டாயம் கிடைக்கும் என்றார்கள், கிடைக்கவில்லை. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, கணக்கைத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசிக் குகையில் வரும் பயோனிக் கிராகன் தோற்கும்போது கட்ஸி மட்டையை விட்டுச்செல்லும் வாய்ப்பு 128-இல் ஒன்று. ஒவ்வொரு சண்டையும் தனித்தனி. முன்பு கிடைக்கவில்லை என்பதற்காக அடுத்ததில் வாய்ப்பு கூடாது. 128 சண்டை முடித்தும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 37. சுமார் 300 சண்டை போட்ட பிறகும் பத்துப் பேரில் ஒருவருக்குக் கிடைத்திருக்காது.

பூவின் கிங்ஸ் வாளும் இதே 128-இல் ஒன்று கணக்குதான். அதை ஸ்டார்மேன் சூப்பர் விட்டுச்செல்லும். இரண்டுக்கும் சேர்த்து உட்கார்ந்து, விளையாட்டையே வெறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராகனோடு நடக்கும் சண்டையில் அனுபவப் புள்ளியும் வருகிறது என்று எண்ணிக் கொஞ்ச நேரம் முயலுங்கள். சலிப்பு வந்ததும் முன்னே போய்விடுங்கள்.

லெஜண்டரி மட்டை 110, கட்ஸி 100. பத்துப் புள்ளி குறைந்ததற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?

ஸ்மாஷ் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். கட்ஸி மட்டை ஏந்தினால் கட்ஸ் 127 கூடும். நெஸ்ஸின் கட்ஸ் 40 என்றால் 167 ஆகிவிடும். நூற்றுக்கு 8 முறை விழுந்த ஸ்மாஷ் இனி 33 முறை விழும். அதோடு உயிர் தப்பும் வாய்ப்பும் அதே அளவு கூடும். பத்துப் புள்ளியைக் கொடுத்து இதை வாங்குவது லாபம்தான்.

கட்ஸி கிடைக்காதவர்கள் குறைபட வேண்டியதில்லை. லெஜண்டரி மட்டையோடு விளையாட்டைச் சிரமமில்லாமல் முடிக்கலாம். பெரிய எதிரிகளிடம் நெஸ்ஸின் மனோசக்திதான் அதிகம் வேலை செய்யும்.

முதல் விளையாட்டிலும் இத்தனை வகை உண்டா?

அங்கே எளிமை. பிளாஸ்டிக், மரம், அலுமினியம் என்று பொருளை வைத்தே பெயர். பிறகு, ஆங்கிலப் பதிப்பில் ‘ஹாங்க்’ பெயரில் ஒன்று வரும். பேஸ்பால் ரசிகர்களுக்கு உடனே ஹாங்க் ஆரோன் நினைவுக்கு வருவார். பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை 1974 ஏப்ரல் 8 அன்று தாண்டி, 755-இல் நிறுத்தியவர். எர்த்பவுண்டின் வரிசையில் இருக்கும் வாழ்க்கைக் கதை இதில் இன்னும் உருவாகவில்லை. விதை மட்டும் இருக்கிறது.

மதர் 3-இல் நாயகன் லூகாஸ் ஏன் குச்சியோடு அலைகிறான்? மட்டையை விட்டுவிட்டார்களா?

லூகாஸ் வாழும் டாஸ்மிலி கிராமத்தில் தொடக்கத்தில் பணமே கிடையாது. பணம் இல்லாத ஊரில் மட்டைக் கடை எப்படி இருக்கும்? அதனால் அவன் கையில் கிடைப்பது குச்சி. பிறகு பணம் வருகிறது, ரயில் வருகிறது, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி போன்ற ‘மகிழ்ச்சிப் பெட்டிகள்’ வருகின்றன, கிராமம் மாறிப்போகிறது. ‘ரியல் பேட்’ என்று நிஜமான பேஸ்பால் மட்டை ஒன்றும் ஆயுதங்களில் உண்டு. முதல் இரண்டு விளையாட்டிலும் சாதாரணமாக இருந்த பொருள் இங்கே அபூர்வமாகிவிட்டது. இந்த ஒரு மாற்றமே ஊரின் கதையைச் சொல்லிவிடுகிறது. எந்த ஆயுதமானாலும் இசையின் தாளத்துக்குப் பொத்தானைத் தட்டினால் 16 அடி வரை தொடர்ந்து விழும்.

மதர் 3-ஐ முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் சென்றுவிடுங்கள். கடைசிப் பகுதியில் வரும் ‘நண்பனின் யோ-யோ’ நெஸ்ஸின் பக்கத்து வீட்டுப் பையன் போர்க்கியின் கட்டடத்தில் கிடைப்பது. அவன் நகரத்துத் திரையரங்கில் நெஸ்ஸின் பயணக் காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும். உலகத்தையே கைப்பற்றியவனிடம் பழைய தோழனின் விளையாட்டுச் சாமான் பெயரில் ஒரு பொருள் இருக்கிறது. இந்தத் தொடரில் என்னை அதிகம் உலுக்கியது எந்த வசனமும் இல்லை, இந்த யோ-யோதான்.

ஸ்மாஷ் பிரதர்ஸில் வரும் ஹோம்-ரன் பேட் நெஸ்ஸுடைய மட்டைதானே?

இரண்டும் வேறு. ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ 1999-இல் தொடங்கிய சண்டைத் தொடர். இயக்குநர் மசஹிரோ சகுராய். முதல் பகுதியை உருவாக்கிய ஹால் லேபரட்டரி மதர் 2-இலும் வேலை செய்த நிறுவனம். நெஸ் முதல் பகுதியிலிருந்தே இருக்கிறான். பக்கவாட்டு ஸ்மாஷ் அடிக்கு அவன் எடுப்பது சொந்த மட்டை. மேலும் கீழும் அடிக்க யோ-யோ.

ஹோம்-ரன் பேட் களத்தில் விழும் ஐட்டம். மாரியோ, கிர்பி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1999 பகுதியிலிருந்து 2018-இன் ‘அல்டிமேட்’ வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. நீண்ட நேரம் ஓங்கி, பக்கவாட்டில் வீசினால் உலோகம் தெறித்த ஓசையோடு எதிரி திரைக்கு வெளியே போய்விடுவான்.

யாராவது அதை எடுத்துவிட்டால் நான் காலி. எப்படித் தப்புவது?

மேலே சொன்ன அந்த ‘நீண்ட நேரம் ஓங்கி’ என்பதுதான் உங்கள் வழி. ஓங்கும்போது அவர் நின்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறார். விலகிப் போகலாம், கேடயம் போடலாம், முந்திக்கொண்டு அடிக்கலாம். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: மட்டையைத் தூக்கி எறிந்தாலும் அடி பலமாக விழும், எறிய நேரமும் ஆகாது. ஓங்குவார் என்று காத்திருப்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள்.

போட்டிகளில் ஏன் அதைக் காணோம்?

ஐட்டம் எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம். மணிக்கணக்கில் பயிற்சி செய்த இருவரின் ஆட்டத்தை அது முடிவு செய்யக் கூடாது என்பதால் போட்டிகளில் ஐட்டங்களை அணைத்துவிடுகிறார்கள். 2008-இல் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் ‘பிரால்’ பகுதியை ஐட்டங்களோடு நடத்தினார்கள், கடும் வாக்குவாதம் எழுந்தது. போட்டிக்கு அணைப்பது சரி. வீட்டில் நால்வர் உட்கார்ந்து ஆடும்போதும் அணைத்துவைப்பவர்கள் பாதி மகிழ்ச்சியை இழக்கிறார்கள் என்றே சொல்வேன்.

ஹோம்-ரன் கான்டெஸ்டில் என் தூரம் கூடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஸ்மாஷ் தொடரில் 2001-இன் ‘மெலீ’யில் வந்த பகுதி இது. பத்து விநாடி நேரம். சேண்ட்பேக் என்ற மூட்டையை அடித்துச் சேதத்தை ஏற்றி, முடிவில் மட்டையால் பறக்கவிட வேண்டும். தூரம் சேதத்தைப் பொறுத்தது. பலர் மட்டையை முதலிலேயே எடுத்து வீசிவிடுகிறார்கள். முதல் ஏழெட்டு விநாடி அடிப்பதற்கு, மீதி மட்டைக்கு. ஓங்குவதற்கும் நேரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மெலீயில் மூட்டை மேடையிலிருந்து உருண்டு விழுந்துவிடும். பிராலில் தடுப்புச் சுவர் வந்தது. அல்டிமேட்டில் முதலில் இந்தப் பகுதி இல்லை, 2019 செப்டம்பரில் இலவசமாகச் சேர்த்தார்கள். மெலீயில் பழகியவர்கள் மட்டையைத் துள்ளித் துள்ளி மூட்டையின் மேல் போட்டுப் பிடித்தே சேதம் ஏற்றுவார்கள். கை வந்துவிட்டால் தூரம் எகிறும்.

கிரிக்கெட் மட்டை எந்த விளையாட்டிலும் ஆயுதமாக வராதா?

மதரில் வராது, ஈகிள்லேண்டில் அதற்கு இடமில்லை. 2009-இல் வந்த ‘லெஃப்ட் 4 டெட் 2’-வில் உண்டு. ஆனால் அது வயது வந்தவர்களுக்கான, இரத்தம் தெறிக்கும் விளையாட்டு. மேலே கேட்ட பெற்றோர் கவனிக்கவும்.

ஸ்மாஷ் பிரதர்ஸில் நெஸ்ஸின் மட்டையால் எதிரி எறிவதைத் திருப்பி அடிக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஒரு முறைகூட வரவில்லை.

முடியும், ஆனால் மட்டை வீசப்படும் அந்தக் குறுகிய கணத்தில் எறிபொருள் வந்து பட வேண்டும். பந்து வந்ததைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினால் தாமதம். பொத்தானை அழுத்திப் பிடித்து ஓங்கிய நிலையில் காத்திருந்து, எறிபொருள் நெருங்கியதும் விடுங்கள். மெதுவாக வரும் எறிபொருளில் பழகுவது எளிது. லூகாஸின் குச்சிக்கும் இந்தத் திறன் உண்டு. அது சற்று வேகமாகச் சுழலும் என்பதால் அவனிடம் தொடங்கி நெஸ்ஸிடம் வரலாம்.

ஆற்றல் வகைத் தாக்குதல்களை நெஸ் பிஎஸ்ஐ மேக்னட் என்ற மனோசக்தியால் உறிஞ்சி உயிரைக் கூட்டிக்கொள்ளலாம், அதுவே பாதுகாப்பான வழி. பூமராங், அம்பு போன்ற பொருள்களை அது உறிஞ்சாது. அங்கேதான் மட்டை தேவைப்படும். எதிரியையே அடிக்க வீசும்போது மட்டையின் நுனி படும் தூரத்தில் நில்லுங்கள். நுனியில் பட்டால்தான் முழு பலம்.